அரும்பு, மொட்டு, மலர்: ஓர் ஏணி பிறந்த கதை

மே மாதம் வந்தால் திருச்செங்கோட்டிலிருந்து மல்லசமுத்திரம் வரும் சாலையோரம் பேனர்கள் எழுந்துவிடும். பிளஸ் டூ தேர்வில் யார் எத்தனை மார்க், எந்தப் பாடத்தில் எத்தனை பேர் நூற்றுக்கு நூறு என்று முகங்களும் எண்களும் வரிசையாக நிற்கும். சேலம், நாமக்கல் சமவெளிக்கு மார்க் வாங்கவைக்கும் இடம் என்று மாநிலம் முழுக்கப் பெயர் உண்டு. தெற்கே, கிழக்கே எங்கெங்கோ இருந்து பெற்றோர் பிள்ளைகளைக் கொண்டுவந்து இங்கே விடுதியில் சேர்த்துவிட்டுப் போகிறார்கள். மல்லசமுத்திரம் பேரூராட்சி எல்லையிலேயே பொறியியல் கல்லூரி வரைக்கும் இருக்கிறது. பள்ளி என்றால் கடைசி இரண்டு வகுப்பு என்கிற எண்ணம் இந்த மண்ணில் நன்றாக ஊறிவிட்டது.

அதே சாலையிலிருந்து கிளைபிரிந்து விசைத்தறிச் சத்தம் கேட்கும் ஊர்களுக்குள் போனால் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளிகள் இருக்கின்றன. பெரும்பாலும் ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள். அங்கே பேனர் கிடையாது. மூன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளை "கொக்கு" என்கிற சொல்லில் கொம்பைப் பார்த்துவிட்டு நின்றுபோயிருக்கும். அப்பா போர்வெல் ரிக் வண்டியோடு வடக்கே போய் மாதங்கள் ஆகியிருக்கும். அம்மா தறியிலோ மரவள்ளிக் காட்டிலோ இருப்பார். அந்தப் பிள்ளையின் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசக்கூடும். இப்போது இன்னும் தூரத்திலிருந்து, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தறித் தொழிலாளர்களின் பிள்ளைகளும் அதே பாயில் உட்கார்கிறார்கள். பள்ளிக்கு வரும் அம்மாமார் பேசுவதைக் கேட்டால் விஷயம் சட்டென்று விளங்கும்: "மூணாவது போறானுங்க டீச்சர். பாடத்தைக் கடகடன்னு ஒப்பிக்கிறான். வேற பக்கத்தத் திருப்பிக் குடுத்தா முழிக்கிறானுங்க."

படிக்கத் திணறுவது என்பதன் உண்மையான முகம் இதுதான். பிள்ளைக்குச் செவி நன்றாக இருக்கிறது, நினைவாற்றலும் இருக்கிறது. ஆனால் எழுத்து அதற்கு இன்னும் ஒலியாக மாறவில்லை. நினைவைக் கொண்டு இரண்டு வருடம் சமாளித்துவிடலாம். மூன்றாவது வருடம் பாடம் நீளும்போது அந்தச் சமாளிப்பு உடைந்துவிடும்.

இந்தப் பிள்ளையின் கையில் இன்று அரசு கொடுத்திருக்கும் ஒரு பயிற்சி நூல் இருக்கிறது. "எண்ணும் எழுத்தும்" திட்டத்தின் நூல். 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கம் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளியில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அதைத் தொடங்கிவைத்தார். அதில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகள். ஜூன் மாதம் ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையையும் தனியே உட்காரவைத்துச் சோதிப்பார். எழுத்து தெரிகிறதா, சொல்லைக் கூட்டுகிறதா, ஒரு சின்னப் பத்தியைப் படித்துப் பொருள் சொல்கிறதா என்று பார்ப்பார். மூன்றாம் வகுப்பில் இருந்தாலும் ஒன்றாம் வகுப்புத் திறனில் நிற்கும் பிள்ளை அரும்பில் உட்காரும். வகுப்பறையில் பாடல் களம், கதைக் களம், பொம்மலாட்டக் களம் என்று மூலைகள் இருக்கும். ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புகளுக்கு முதலில் வந்தது. அடுத்த ஆண்டு நான்கு, ஐந்துக்கும் விரிந்தது.

இந்தத் திட்டம் பிறந்த ஆண்டு 2022 என்று அரசு ஆவணத்தில் இருக்கும். நான் அதை ஏற்கமாட்டேன். பிள்ளை எந்த வகுப்பில் பெயர் கொடுத்திருக்கிறது என்பதை விட்டுவிட்டு, எந்தப் படியில் நிற்கிறது என்று முதலில் பார், அங்கிருந்து கையைப் பிடித்து ஏற்று என்கிற இந்த எண்ணம் வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு காலத்தில், ஒவ்வொரு முறையும் கடைசியில் தள்ளப்பட்ட பிள்ளைகளுக்காகவே பிறந்திருக்கிறது. அதன் முதல் பிறப்புகளில் ஒன்று நம் எழும்பூரில்.

1789-ல் சென்னை எழும்பூரில் இருந்த இராணுவ ஆண் அநாதைச் சிறுவர் இல்லத்துக்குப் பொறுப்பேற்றார் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். கம்பெனிப் படையின் ஐரோப்பியச் சிப்பாய்களின் பிள்ளைகள், பலருக்குத் தாய் இந்தியப் பெண். அங்கே ஆகக் கீழே இருந்த கடைசி வகுப்புப் பையன்களுக்கு எழுத்தே ஏறவில்லை. ஒருநாள் பெல் குதிரையில் போகும்போது ஒரு நாட்டுப் பள்ளிக்கூடத்தைப் பார்க்கிறார். பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுத்தைத் தீட்டிக்கொண்டிருக்கிறார்கள். நம் திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை சின்னவர்களை எழுதவைக்கும் பழக்கம் யாருக்கும் புதிதில்லை. பெல்லுக்கு அது புதிது. திரும்பிவந்து, கடைசி வகுப்புக்கு மணலில் எழுத்தைச் சொல்லிக்கொடுங்கள் என்றார். அங்கிருந்த உதவி ஆசிரியர் அது நடக்காது என்றார். பெல் அந்த வகுப்பை ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் ஒப்படைத்தார். அந்தப் பையன் சொல்லிக்கொடுத்துவிட்டான்.

1797-ல் லண்டனில் பெல் இதைப் புத்தகமாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்து முழுக்கப் பரவியது. பரவியபோது கெட்டும்போனது. ஒரே ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளை மலிவாக மேய்க்கும் வழியாக ஆகிவிட்டது. எழுத்து ஏறாத கடைசி வகுப்புக்காகப் பிறந்தது அது என்பதே மறந்துபோயிற்று. இந்தக் கதையில் இது மறுபடியும் வரும்.

இரண்டாவது பிறப்புக்கு ஆந்திர எல்லைக்குப் போக வேண்டும். மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் ஜே. கிருஷ்ணமூர்த்தி நிறுவிய ரிஷிவேலி பள்ளி. வசதியான வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் விடுதிப் பள்ளி அது. சுற்றிலும் வறண்ட கிராமங்கள். 1980களின் பிற்பகுதியில் அந்தக் கிராமங்களுக்கான கல்வி மையத்துக்கு வந்த பத்மநாப ராவ், ராமா தம்பதியினர் அங்கே ஓராசிரியர் பள்ளிகளைத் தொடங்கினார்கள். அந்தப் பக்கத்திலேயே, கர்நாடகத்துக் கோலார் மாவட்டத்தில், டேவிட் ஹார்ஸ்பர்க் என்ற ஆங்கிலேயர் 1972-ல் நீல்பாக் என்ற பள்ளியைத் தொடங்கி, வெவ்வேறு வயதுப் பிள்ளைகளைத் தேர்வும் அதட்டலும் இல்லாமல் ஒரே அறையில் படிக்கவைத்துக் காட்டியிருந்தார்.

ராவ் தம்பதியினருக்கு இருந்த சிக்கல் மல்லசமுத்திரம் ஒன்றியத்து ஈராசிரியர் பள்ளிக்கும் இருப்பதுதான். ஒரு கூரை, ஐந்து வகுப்பு. ஆடு மேய்க்கப் போய்ப் பத்து நாள் கழித்து வரும் பிள்ளை. அதற்குள் பாடம் எங்கேயோ போயிருக்கும். புத்தகம் எல்லோரையும் ஒரே பக்கத்தில் நிற்கச் சொல்கிறது, பிள்ளைகளோ ஆளுக்கொரு பக்கத்தில் நிற்கிறார்கள். ஆகவே புத்தகத்தை அட்டைகளாகப் பிரித்தார்கள். ஒவ்வோர் அட்டைக்கும் ஒரு படக்குறி, ஒரு எண். அட்டைகளை வரிசைப்படுத்திச் சுவரில் ஓர் ஏணி வரைந்தார்கள். பத்து நாள் கழித்து வந்த பிள்ளை ஏணியைப் பார்த்துத் தான் விட்ட படியைத் தானே கண்டுபிடித்து, அந்த அட்டையை எடுத்துக்கொண்டு உட்காரலாம். யாரும் "நீ பின்தங்கிவிட்டாய்" என்று சொல்ல வேண்டியதில்லை. 1993 வாக்கில் இது 'பெட்டிக்குள் பள்ளி' என்ற பெயரில் வெளியே தெரிய ஆரம்பித்தது.

ஏணி தமிழ்நாட்டுக்கு வந்தது கொத்தடிமைப் பிள்ளைகள் வழியாக. 1990களில் வேலூர்ப் பக்கம் பீடி சுற்றும் வேலையில் முன்பணத்துக்கு ஈடாக வைக்கப்பட்ட பிள்ளைகள் ஏராளம். முன்பணம் வாங்கித் தறியில் மாட்டிக்கொள்ளும் குடும்பங்களை இந்தச் சமவெளியிலும் பார்த்திருக்கிறோம் என்பதால் அது என்ன துயரம் என்று இங்கே விளக்க வேண்டியதில்லை. அங்கே ஆட்சியராக இருந்த எம்.பி. விஜயகுமார், மீட்கப்பட்ட பிள்ளைகளுக்குச் சிறப்புப் பள்ளிகள் நடத்தினார். பத்து வயதுப் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் ஐந்து வயதுப் பிள்ளையோடு உட்காரவைத்தால் அது மறுநாள் வராது. அதன் வயது வகுப்பில் உட்காரவைத்தால் ஒன்றும் புரியாது, அப்போதும் வராது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு வகுப்பு என்கிற ஏற்பாட்டுக்கு வெளியே ஒரு வழி தேவைப்பட்டது. ரிஷிவேலியின் ஏணி அதற்குப் பொருந்தியது.

2003-ல் விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்களை ரிஷிவேலிக்கு அனுப்பினார். 13 பள்ளிகளில் தொடங்கினார்கள். அட்டைகளை எழுதியவர்கள் அந்த ஆசிரியர்களே என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. அடுத்து மாநகராட்சியின் 264 பள்ளிகளுக்கும் போனது. பிறகு அவர் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலத் திட்ட இயக்குநரானார். 2007-08 கல்வியாண்டில் செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் 37,000-க்கும் மேற்பட்ட அரசு, உதவிபெறும் பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. உலகத்தில் எங்குமே இவ்வளவு பெரிய அளவில் இப்படி நடந்ததில்லை என்று அப்போது பேசப்பட்டது.

மல்லசமுத்திரத்துத் தொடக்கப்பள்ளிகளில் அந்த வருடங்களில் படித்தவர்களுக்கு இன்று இருபது வயதுக்கு மேல். அவர்களைக் கேட்டால் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். சுவரின் அடிப்பகுதியில் பிள்ளையின் உயரத்துக்குக் கரும்பலகை. ஆளுக்கொரு கட்டம், அதில் எழுதிக்கொள்ளலாம். மேலே குறுக்கே கட்டிய கயிற்றில் தொங்கும் படங்கள். பெஞ்சு கிடையாது, ஆசிரியரும் பாயில்தான். பிள்ளையே தன் வருகையைக் குறித்துக்கொள்ளும். ஆசிரியர் துணையோடு படிக்கும் குழு, பாதித் துணை போதும் குழு, சக பிள்ளை துணையோடு படிக்கும் குழு, தானே படிக்கும் குழு என்று அட்டைக்கு ஏற்ப உட்காரும் இடம் மாறும். எழும்பூரில் ஃபிரிஸ்கன் செய்த வேலையை இங்கே மூன்றாம் வகுப்புப் பெண்பிள்ளை செய்வாள்.

ஆனால் பெற்றோருக்குக் கவலை. "புஸ்தகமும் இல்ல, வீட்டுப்பாடமும் இல்ல, அப்புறம் என்னத்தங்க படிக்குதுக?" என்று கேட்டவர்கள் பிள்ளைகளை வேன் வரும் பள்ளிக்கு மாற்றினார்கள். அந்தக் கேள்வியை அறியாமை என்று தள்ளிவிடக் கூடாது. அட்டைகள் கிழிந்தன, தொலைந்தன, புதியவை வரத் தாமதமாயிற்று. ஆசிரியர் துணைக் குழுவில் உட்கார வேண்டிய ஆசிரியர் பதிவேட்டை நிரப்பிக்கொண்டிருந்த பள்ளியில், பிள்ளை அட்டையை எடுத்துவைத்து அடுத்த அட்டைக்குப் போனது. எழுத்து ஏறாமலேயே ஏணியில் ஏறியது. வேலூரில் மீட்கப்பட்ட பிள்ளைகள்மேல் இருந்த அக்கறையோடு தொடங்கியது இது. 37,000 பள்ளிக்குப் போனபோது அட்டை மட்டும் போய்ச் சேர்ந்தது, அக்கறை எல்லா இடத்துக்கும் சேரவில்லை. பெல்லின் முறைக்கு நேர்ந்ததும் இதுவே.

இதற்கு இணையாக மும்பையில் இன்னொரு பிறப்பு நடந்தது. 1990களின் நடுவில் மாதவ் சவானும் ஃபரிதா லாம்பேயும் தொடங்கிய பிரதம் அமைப்பு, மாநகராட்சிப் பள்ளிகளில் மூன்று, நான்காம் வகுப்பில் பின்தங்கிய பிள்ளைகளை மட்டும் தினம் இரண்டு மணி நேரம் தனியே அழைத்து உட்காரவைத்தது. சொல்லிக்கொடுத்தவர்கள் அந்தப் பகுதியிலேயே வாழும் இளம்பெண்கள். 'பால்சகி' என்று பெயர். குழந்தைகளின் தோழி. மும்பையிலும் வடோதராவிலும் 2001 முதல் இதை அளந்து பார்த்தவர்களில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ இருவரும் உண்டு. 2019-ல் பொருளாதார நோபல் பரிசு பெற்றவர்கள். பலன் நன்றாகத் தெரிந்தது, அதிகம் முன்னேறியவர்கள் அடியில் இருந்த பிள்ளைகளே. உதவி நின்று ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது அந்தப் பலன் தேய்ந்திருந்தது, முழுக்க மறைந்துவிடவில்லை. தோழி போனபிறகும் வகுப்பறை அந்தப் பிள்ளையைக் கவனிக்க வேண்டும் என்பது இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம்.

பிரதம் குழுவினர் அதற்குப் பிறகு பல மாநிலங்களில் முயன்றார்கள். அதில் இரண்டை மட்டும் சொல்கிறேன். பீகாரிலும் உத்தராகண்டிலும் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் நூல்களும் கொடுத்துப் பார்த்தார்கள், அதனால் மட்டும் வகுப்பறை மாறிவிடவில்லை. ஹரியானாவில் பள்ளி நேரத்தில் தினமும் ஒரு மணி நேரத்தை இதற்கென்றே ஒதுக்கி, பிள்ளைகளை வகுப்பு வாரியாக அல்லாமல் நிலை வாரியாகப் பிரித்து, மேற்பார்வையிடுபவர்களும் அந்த நேரத்தை மதிக்கும்படி செய்தார்கள். வாசிப்பு ஏறியது. பயிற்சியும் நூலும் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கும் எந்த அரசுக்கும் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும்.

சரி, ஏன் இவ்வளவு சீக்கிரம்? ஐந்து, ஆறு வயதில் என்ன அவசரம், வளர வளர வந்துவிடாதா? இந்தக் கேள்விக்கு இரண்டு வெளிநாட்டுக்காரர்கள் தெளிவான விடை தந்திருக்கிறார்கள். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் மேரி கிளே என்ற உளவியலாளர் 1970களில், பள்ளியில் ஒரு வருடம் முடித்த ஆறு வயதுப் பிள்ளைகளில் கடைசியில் நிற்பவர்களை எடுத்து, தினம் அரை மணி நேரம், ஒருவருக்கு ஒருவர் என்று சில மாதங்கள் உட்காரவைக்கும் முறையை உருவாக்கினார். உலகம் முழுக்கப் பரவியது. சொல்லைப் படத்தை வைத்தும் சூழலை வைத்தும் ஊகிக்க விட்டது அதன் குறை என்று பிற்கால ஆய்வாளர்கள் காட்டினார்கள், நியூசிலாந்து அரசே இப்போது அதை விட்டு எழுத்து-ஒலி வழிக்கு மாறிவிட்டது. ஆனாலும் தவறும்வரை காத்திருக்காதே, முதல் வருடம் முடிந்ததும் பார் என்ற அவருடைய அடிப்படை வாதத்தை யாரும் மறுக்கவில்லை. அமெரிக்காவின் டெக்சாஸில் கானி ஜூயல் என்ற ஆய்வாளர் 54 பிள்ளைகளை ஒன்றாம் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்புவரை பின்தொடர்ந்து 1988-ல் வெளியிட்ட முடிவு இன்னும் கலங்கவைக்கிறது. ஒன்றாம் வகுப்பு முடிவில் வாசிப்பில் பின்தங்கிய பிள்ளை, நான்காம் வகுப்பு முடிவிலும் பின்தங்கியே இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 88.

விசைத்தறி ஓட்டுகிறவர்களுக்கு இது ஆய்வில்லாமலேயே புரியும். பாவில் ஓர் இழை அறுந்தால் தறியை அப்போதே நிறுத்தி முடிச்சுப் போட்டுவிட வேண்டும். பார்க்காமல் பத்து மீட்டர் ஓடிவிட்டால் துணி நெடுகக் கோடு விழுந்துவிடும், பிறகு யாராலும் சரிசெய்ய முடியாது.

தமிழ் எழுத்துக்கென்று ஒரு பாடும் இருக்கிறது. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, உயிர்மெய் 216. ஆங்கிலப் பிள்ளைக்கு 26 எழுத்து, ஆனால் ஒலி நிலையில்லை. நம் பிள்ளைக்கு ஒலி நிலையாக இருக்கிறது, எழுத்துக்கூட்டம் பெரிது. பெங்களூரில் கன்னடம் படிக்கும் பிள்ளைகளை ஆராய்ந்த சோனாலி நாக், இம்மாதிரி எழுத்துமுறையில் எழுத்துகள் முழுவதும் கைவசமாகப் பல ஆண்டுகள் ஆகின்றன, மூன்றாம் நான்காம் வகுப்பிலும் அந்த வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று 2007-ல் எழுதினார். தமிழிலும் அப்படியே. கெ, கே, கை வரிசையில் குறி எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. கொ, கோ, கௌ வரிசையில் இரண்டு பக்கமும் நிற்கிறது. கு, சு, து, மு என்று உகர வரிசையில் எழுத்துக்கெழுத்து கொக்கி மாறுகிறது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு இது சிறிய வேலை இல்லை.

இந்தச் சுமையைக் குறைக்க நினைத்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர், இங்கிருந்து காவிரியைத் தாண்டினால் வரும் ஈரோட்டுக்காரர். பெரியார் 1935-ல் குடி அரசில் ணை, லை, றா போன்ற எழுத்துகளின் பழைய தும்பிக்கைகளையும் சுழிகளையும் விட்டுச் சீர்மை வடிவத்தில் அச்சிட ஆரம்பித்தார். எம்.ஜி.ஆர். அரசு 1978-ல் அதை ஏற்று ஆணையிட்டது. திணறும் வாசகருக்காக எழுத்தையே மாற்றிய ஒரு முயற்சி என்று அதை இந்தக் கதையில் சேர்க்க வேண்டும். செயல்வழிக் கற்றல் ஏணியில் அ, ஆ-வை முதலில் வைக்காமல் ட, ப, ம போன்ற கோடுகளால் ஆன எளிய எழுத்துகளிலிருந்து தொடங்கியதும் அதே அக்கறைதான். படம், பட்டம், மடம் என்று முதல் சில வாரங்களிலேயே பிள்ளைக்கு ஒரு சொல் கிடைத்துவிடும். தன்னால் படிக்க முடிகிறது என்று பிள்ளைக்குத் தெரிவதைவிடப் பெரிய மருந்து இதில் இல்லை.

பிறகு 2020 மார்ச் வந்தது. பள்ளிகள் மூடின. ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்புவரை மீண்டும் திறந்தது 2021 நவம்பர் 1. இடையில் ஒன்றாம் வகுப்பில் பெயர் கொடுத்த பிள்ளை பள்ளி வாசலை மிதிக்காமலேயே இரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டது. திறப்பதற்கு ஐந்து நாள் முன்பு, அக்டோபர் 27 அன்று, மரக்காணம் பக்கத்தில் முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கப்பட்டது. மாலையில் ஊர் மந்தையிலும் கோயில் திண்ணையிலும் வீட்டு வாசலிலும் தன்னார்வலர்கள் உட்கார்ந்தார்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. பெரும்பாலும் பெண்கள், படித்துவிட்டு வீட்டில் இருந்தவர்கள். பால்சகி என்று மும்பையில் பார்த்தோமே, அவளுடைய தமிழ்நாட்டுத் தங்கைகள் என்று இவர்களை நான் சொல்வேன். கார்த்திக் முரளிதரன் முதலிய பொருளாதார ஆய்வாளர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் பிள்ளைகளை வீடு வீடாகச் சோதித்துப் பார்த்ததில், இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் மீண்டிருந்தது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால்பங்குக்குக் காரணம் இந்தத் திட்டம் என்று கணக்கிட்டார்கள். ஊருக்குள் இருந்த பெண்கள் மாலையில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்ததன் பலன் அது.

அதே சமயத்தில் வந்த இன்னொரு கணக்கு நெஞ்சைச் சுட்டது. 2022-ல், பிள்ளைகளின் வாசிப்பை அளக்கும் ஏசர் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டின் கிராமப்புறத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. 2018-ல் பத்துப் பேர் இருந்தார்கள். 2024-ல் மறுபடியும் பத்தைத் தாண்டியது. தமிழ்நாட்டில் ஐந்து வயதிலேயே ஒன்றாம் வகுப்பில் சேர்க்கிறோம், பிற மாநிலப் பிள்ளைகளைவிட நம் மூன்றாம் வகுப்புப் பிள்ளை வயதில் சிறியது என்பது நியாயமான வாதம். அதைக் கணக்கில் எடுத்தாலும் பத்துக்கு ஒன்பது பேரால் படிக்க முடியவில்லை என்பது எந்த ஊருக்கும் பொறுக்கக்கூடிய எண் இல்லை.

அரும்பு, மொட்டு, மலர் இந்தச் சூழலில் வந்தது. அதில் எழும்பூர், ரிஷிவேலி, வேலூர், மும்பை எல்லாம் கலந்திருப்பதைப் பார்த்துவிட்டோம். அட்டை மறுபடியும் நூலாகியிருக்கிறது, எனவே தொலைவதில்லை. அம்மாவுக்கும் பிள்ளையின் கையில் ஒரு புத்தகம் இருப்பது தெரிகிறது. மல்லசமுத்திரம் வட்டார வள மையத்தில் பயிற்சி நடக்கிறது. அங்கே வரும் ஆசிரியர்கள் பொம்மை செய்கிறார்கள், பாட்டுக்கு ஆடுகிறார்கள், ஒருவரிடமிருந்து ஒருவர் எடுத்துக்கொள்கிறார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய ஆசிரியர் தலையில் காகிதக் கிரீடம் வைத்துக்கொண்டு பிள்ளைகளோடு குதிக்கும் காட்சியை நான் மதிக்கிறேன். அது வேலையின் மேல் உள்ள பற்று.

மதிக்கிற அதே வாயால் இதையும் சொல்ல வேண்டும். அந்த ஆசிரியரிடம் ஒன்று, இரண்டு, மூன்று வகுப்பும் சேர்ந்து இருக்கிறது. அரும்புக் குழுவோடு உட்காரும் நேரத்தில் செயலியில் விவரம் ஏற்ற வேண்டியிருக்கிறது, இலவசப் பொருள் கணக்கு எழுத வேண்டியிருக்கிறது, வாக்காளர் பட்டியல் வேலைக்குப் போக வேண்டியிருக்கிறது. ஹரியானாவில் காப்பாற்றிய அந்த ஒரு மணி நேரம் இங்கே காப்பாற்றப்படவில்லை. காப்பாற்றினால் இந்தத் திட்டம் நிற்கும், இல்லையென்றால் நல்ல ஓவியங்கள் போட்ட இன்னொரு நூலாக முடிந்துவிடும். 2025-ல் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை அடிப்படை தெரியாத மாணவர்களுக்காக 'திறன்' என்று ஒரு திட்டம் தொடங்க வேண்டிவந்ததே, ஒன்றாம் வகுப்பில் விட்டது ஆறாம் வகுப்பில் வந்து நிற்கிறது என்பதற்குச் சான்று. அந்தப் பிள்ளைகளுக்கும் உதவி வேண்டும்தான். பதினோரு வயதுப் பையனுக்குக் கூட்டாளிகள் முன்னால் எழுத்துக் கூட்டுவதில் உள்ள வெட்கம் ஆறு வயதில் கிடையாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

முறையாகச் சொல்லிக்கொடுத்தும் சில பிள்ளைகளுக்கு எழுத்து பிடிபடாது. அவர்கள் சோம்பேறிகளும் இல்லை, அறிவில் குறைந்தவர்களும் இல்லை. டிஸ்லெக்சியா என்ற கற்றல் குறைபாடாக இருக்கலாம். சென்னையில் 1990களின் தொடக்கத்தில் பெற்றோர் சிலர் சேர்ந்து மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கத்தை அமைத்தபோது இந்தப் பெயரே ஆசிரியர்கள் பலருக்குத் தெரியாது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதைக் குறைபாடுகளின் பட்டியலில் சேர்த்தது. தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் உண்டு. வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். அரும்பில் ஒரு வருடம் நேர்மையாக உட்காரவைத்தும் நகராத பிள்ளையை அவர்களிடம் காட்டுவதில் கூச்சப்பட எதுவுமில்லை. அந்த ஒரு வருடம் நேர்மையாக நடந்ததா என்பதை முதலில் பார்க்க வேண்டும், ஏனென்றால் சொல்லிக்கொடுக்காமல் விட்ட பிள்ளைக்குக் குறைபாட்டின் பெயரைச் சூட்டுவது இன்னொரு அநீதி.

மல்லசமுத்திரம் பக்கத்து அம்மா அப்பாக்களிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். இந்த ஜூன் மாதம் பள்ளி திறந்து இரண்டு வாரத்துக்குள், இரண்டாவது போகும் உங்கள் பிள்ளையிடம் அதற்கு மனப்பாடமாகாத ஒரு பக்கத்தைத் திறந்து கொடுங்கள். பஸ்ஸின் பெயர்ப்பலகை, அரிசி மூட்டை, மளிகைச் சீட்டு எதுவானாலும் சரி. நின்றுவிட்டால் திட்டாதீர்கள், டியூஷனும் தேடாதீர்கள். அந்த வாரமே பள்ளிக்குப் போய் "எம்புள்ள அரும்புலயா, மொட்டுலயாங்க டீச்சர்? தினம் எந்நேரம் அவங்கூட உக்காருவீங்க?" என்று கேளுங்கள். அந்த நேரத்தில் ஆசிரியரை வேறு வேலைக்கு அழைக்கக் கூடாது என்று மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போடுங்கள். தீர்மானம் போடும் உரிமை உங்களுக்குச் சட்டப்படி இருக்கிறது.